சதுர அடிக்கு முன்னால் சுவரை அளங்கள்: கோணல் அமைப்புள்ள பிளாட்டை வாடகைக்குப் பார்ப்பது எப்படி?

நான் முதன்முதலில் வாடகைக்கு எடுத்த பிளாட்டின் ஹால் 14 அடிக்கு 12 அடி. பார்க்கப் போன அன்று காலியாக இருந்தது. நடுவில் நின்று சுற்றிப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது. சாமான் வந்து இறங்கிய மாலை, ஆறரை அடி சோபாவை ஒவ்வொரு சுவராக வைத்துப் பார்த்தோம். இந்தப் பக்கம் வைத்தால் பாத்ரூம் கதவு பாதியில் நின்றது. அந்தப் பக்கம் வைத்தால் பால்கனிக்குப் போக வழியில்லை. மூன்றாவது சுவரில் இரண்டு பெட்ரூம் கதவுகள், நடுவே நான்கு அடிதான். கடைசியில் சோபா ஹாலின் நடுவில், முதுகுக்குச் சுவர் இல்லாமல் நின்றது. நாங்கள் காலி செய்யும்வரை அங்கேயேதான் இருந்தது.

பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஹாலின் நான்கு சுவர்களையும் கூட்டினால் 52 அடி. வாசல் கதவு மூன்றரை அடி, பெட்ரூம் கதவுகள் தலா மூன்று, கிச்சன் திறப்பு மூன்று, பாத்ரூம் இரண்டரை, பால்கனிக் கதவு ஆறு. ஆக, 21 அடி திறப்புகளுக்கே போய்விட்டது. மிச்சம் 31 அடி சுவர் இருந்தது, ஆனால் துண்டு துண்டாக. அதில் நீளமான துண்டே ஐந்து அடிதான். அதற்கடுத்த வீட்டின் ஹால் வெறும் 11 அடிக்கு 10 அடி. ஆனால் வாசலும் உள்ளே போகும் வழியும் ஒரே மூலையில் இருந்தன, இரண்டு சுவர்கள் முழுசாகக் கிடைத்தன. சின்ன ஹால்தான், ஆனால் அதில்தான் நிம்மதியாக உட்கார முடிந்தது.

அதனால் முதன்முறையாக வீடு தேடுகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எத்தனை சதுர அடி என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். உடையாத சுவர் எத்தனை அடி இருக்கிறது, ஆள் நடக்கிற தடம் எந்த வழியாகப் போகிறது, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கோணலான பிளாட், அதாவது அறைகளும் கதவுகளும் ஏடாகூடமாக அமைந்த பிளாட், எல்லாமே மோசம் இல்லை. உங்கள் அன்றாடத்துக்கு ஒத்து வருகிற கோணலும் இருக்கிறது, தினமும் காலைத் தட்டுகிற கோணலும் இருக்கிறது. எது எது என்று சாவி வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன்

ஒரு தாளில் உங்கள் வீட்டின் ஒரு நாளை எழுதுங்கள். யார் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள், முதலில் எங்கே போகிறார்கள், யார் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள், யாருக்குப் பகலில் தூக்கம், விருந்தாளி வந்தால் எங்கே படுப்பார், இரவில் எழுந்து பாத்ரூம் போகிற பெரியவர் யாராவது இருக்கிறார்களா. பத்து வரி போதும். வீட்டைப் பார்க்கும்போது இந்தப் பத்து வரிதான் உங்கள் அளவுகோல்.

அப்புறம், உங்களிடம் உள்ள பெரிய சாமான்களின் அளவை எழுதிக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். இன்னும் வாங்கவில்லை என்றால் பொதுவான அளவுகளை வைத்துக்கொள்ளலாம். இருவர் படுக்கும் கட்டில் 5 அடிக்கு ஆறரை அடி. மூவர் உட்காரும் சோபா ஆறரை முதல் ஏழு அடி நீளம், கிட்டத்தட்ட மூன்றடி ஆழம். துணி அலமாரி இரண்டடி ஆழம், அதன் கதவைத் திறந்து முன்னால் நிற்க இன்னும் இரண்டரை அடி. வாஷிங் மெஷின் இரண்டடிக்கு இரண்டடி. ஆள் ஒருவர் நடக்கக் குறைந்தது இரண்டடி, கையில் பக்கெட்டோ துணிக்கூடையோ இருந்தால் மூன்றடி. சாப்பாட்டு மேஜை நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்திருக்க இரண்டரை அடி.

கையில் ஒரு இஞ்ச் டேப், பேனா, கட்டம் போட்ட தாள். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

படத்தையும் வரைபடத்தையும் பார்க்கும்போது

விளம்பரப் படங்கள் பெரும்பாலும் அகலக் கோணத்தில் எடுத்தவை. அறை நீண்டு தெரியும், தூரத்தில் உள்ள சுவர் இன்னும் தூரமாகத் தெரியும். படத்தில் தரை ஓடுகள் தெரிந்தால் எண்ணிப் பாருங்கள். இரண்டடி ஓடு என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஓடு என்பது பத்தடி. நேரில் போகும்போது ஒரு ஓட்டை அளந்து சரிபார்த்துக்கொண்டால் போதும், முழு அறையையும் ஓடு எண்ணியே அளந்துவிடலாம். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாதபோது இது பெரிய உதவி.

வரைபடம் கொடுத்தால், அதில் வரைந்திருக்கும் கட்டிலையும் சோபாவையும் நம்ப வேண்டாம். அறை பெரிதாகத் தெரிவதற்காகச் சாமான்களைச் சின்னதாக வரைந்துவிடுவது உண்டு. ஆனால் கதவின் அளவில் பெரிதாக விளையாட முடியாது. அறைக் கதவு இரண்டரையிலிருந்து மூன்றடி. வரைபடத்தில் கட்டிலின் அகலம் கதவின் அகலத்தைப் போல ஒன்றேகால் மடங்குதான் இருக்கிறது என்றால், அது இருவர் படுக்கிற கட்டில் இல்லை.

வீட்டுக்குள் போனதும்: கதவு, சுவர், தடம்

வீட்டைக் காட்டுகிறவர் அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போவார். ஒரு சுற்று சும்மா போய் வாருங்கள். பிறகு, "ஒரு பத்து நிமிஷம் அளந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பி வாருங்கள். தயங்க வேண்டாம். மாதாமாதம் வாடகை கொடுக்கப் போவது நீங்கள்தான்.

வாசலிலிருந்து ஆரம்பித்து எல்லாக் கதவுகளையும் முழுசாகத் திறங்கள். ஒரே நேரத்தில் எல்லாமே திறந்திருக்க வேண்டும். எது எதில் இடிக்கிறது, எந்தக் கதவு சுவரோடு ஒட்டி நிற்கிறது, எது அறையின் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மூன்றடிக் கதவு ஒன்று திறந்து மூட, கால் வட்டமாகச் சுமார் 7 சதுர அடி தரையை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் செருப்பு ஸ்டாண்டுகூட வைக்க முடியாது. இப்படி நான்கு கதவுகள் ஒரே ஹாலுக்குள் திறந்தால் 28 சதுர அடி போய்விடும்.

அடுத்து சுவர். கதவு, ஜன்னல், தூண் எதுவும் குறுக்கிடாத துண்டுகளை மட்டும் அளந்து தாளில் எழுதுங்கள். கட்டிலின் தலைமாட்டுக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, சோபாவுக்கு ஒன்று என்று உங்கள் சாமான்களை அந்தத் துண்டுகளில் உட்கார வையுங்கள். ஜன்னல் தாழ்வாக இருந்தால் அதன் கீழே கட்டில் போடலாம், அலமாரி வைக்க முடியாது. ஸ்விட்ச் போர்டையும் பிளக் பாயிண்டையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கட்டில் போடக்கூடிய ஒரே சுவரில் பிளக் இல்லை என்பதெல்லாம் குடிபோன பிறகுதான் கண்ணில் படும்.

சுவர்கள் நேராக இல்லை என்று சந்தேகம் வந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே குறுக்காகச் சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம். கூடினாலோ குறைந்தாலோ சுவர் சாய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட மூலையில் அலமாரியைத் தள்ளினால் பின்னால் முக்கோணமாக ஒரு சந்து நிற்கும், அறையின் அகலமும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் அகலத்தை இரண்டு மூன்று இடங்களில் அளங்கள்.

மூன்றாவது தடம். எனக்கு இதுதான் முக்கியம். தாளில் வாசலிலிருந்து கிச்சனுக்கு, கிச்சனிலிருந்து துணி காயப் போடுகிற இடத்துக்கு, ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் பாத்ரூமுக்குக் கோடு போடுங்கள். கோடுகள் எல்லாம் சுவரோரமாகப் போனால் நல்ல அமைப்பு. குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் அந்த அறை நடைபாதைதான். என் பழைய ஹாலில் வாசல் ஒரு மூலையில், பெரிய பெட்ரூம் எதிர் மூலையில். குறுக்குத் தடம் 18 அடி நீளம், மூன்றடி அகலம் என்று வைத்தால் 54 சதுர அடி. 168 சதுர அடி ஹாலில் மூன்றில் ஒரு பங்கு, யாரும் உட்கார முடியாத இடம்.

தாளில் போட்ட கோட்டை நடந்தும் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு இரவு இரண்டு மணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கை இருக்கப்போகும் இடத்திலிருந்து பாத்ரூம் ஸ்விட்ச் வரை எத்தனை திருப்பம், எத்தனை படி, எந்தக் கதவு குறுக்கே? பெரியவர்களோ சின்னக் குழந்தையோ இருக்கிற வீட்டில் இந்த ஒரு நடைக்காகவே நான் இரண்டு பிளாட்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எந்தக் கோணல் யாருக்கு ஒத்துவரும்?

ஒரு அறை வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போக முடியும் என்கிற ரயில்பெட்டி அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பதி மட்டும் என்றால், நடு அறையைப் படிக்கிற அறையாகவோ வேலை பார்க்கிற அறையாகவோ வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கலாம். இரண்டு நண்பர்கள் வாடகையைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால் அந்த நடு அறை பெட்ரூம் கணக்கில் வராது. அதில் படுப்பவர் கதவைச் சாத்தவே முடியாது. அப்படி ஒரு வீட்டை "இரண்டு பெட்ரூம்" என்று எண்ணாமல் "ஒரு பெட்ரூம், பெரிய ஹால்" என்று எண்ணுங்கள். வாடகை நியாயமா என்று அப்போதுதான் சரியாகத் தெரியும்.

இருக்கிற ஒரே பாத்ரூம் பெட்ரூமுக்குள் என்றாலும் இதே கதைதான். தனியாக இருப்பவருக்கு அது வசதி. வீட்டுக்கு அடிக்கடி ஆட்கள் வந்துபோனால், அல்லது இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குபவர் இருந்தால், அவருடைய தூக்கம் தினமும் கெடும்.

நீளமான ஒடுங்கிய நடைபாதை உள்ள வீட்டைப் பலரும் பார்த்தவுடன் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன். 3 அடிக்கு 14 அடி என்றால் 42 சதுர அடி போகிறது, உண்மைதான். ஆனால் அந்த நடைபாதை அறைகளைப் பிரித்து வைக்கிறது, சத்தத்தைத் தடுக்கிறது, ஹாலை யாரும் குறுக்கே கடக்காமல் காப்பாற்றுகிறது. கைக்குழந்தை தூங்குகிற வீட்டில் அது பெரிய வரம். நான்கடி அகலம் இருந்தால் ஒரு பக்கம் முழுக்க ஒல்லியான புத்தக அலமாரியே வைக்கலாம்.

அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும் தூண் பார்க்கத்தான் பயமாக இருக்கும். தூணுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளங்கள். இரண்டடி ஆழமும் மூன்றடி அகலமும் இருந்தால் அலமாரிக்குக் கச்சிதமான மாடம். ஒன்றரை அடி இடைவெளி என்றால் துடைப்பம் வைக்கத்தான் ஆகும்.

வாசலைத் திறந்ததும் படுக்கையோ பாத்ரூமோ நேராகத் தெரிகிறதா? ஒரு திரை போட்டால் தீர்ந்தது. இதற்காக நல்ல வீட்டை விட வேண்டாம்.

கிச்சன்

கிச்சனில் பெரிய தவறு ஃபிரிட்ஜில்தான் நடக்கும். அதன் அகலத்தை எல்லோரும் அளக்கிறோம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்ப்பதில்லை. ஒரு வீட்டில் எங்கள் ஃபிரிட்ஜ் மூலைச் சுவரோடு ஒட்டி, அழகாகப் பொருந்தி நின்றது. கதவு 90 டிகிரி திறந்தது, அதற்கு மேல் சுவர் விடவில்லை. உள்ளே கீழே இருக்கிற காய்கறி டிரேயை வெளியே இழுத்தால் கதவின் உள்பக்க விளிம்பில் முட்டி, பாதியில் நின்றுவிடும். கையை வளைத்து ஒவ்வொரு காயாகத் தேடித்தான் எடுக்க வேண்டும். கீல் இருக்கிற பக்கம் நான்கைந்து அங்குலம் விட்டிருந்தால் அந்தச் சிரமமே இல்லை.

மேடையின் நீளத்தை அளக்கும்போது அடுப்பையும் சிங்க்கையும் கழித்துவிட்டு மிச்சத்தை எழுதுங்கள். நறுக்கவும் வைக்கவும் தொடர்ச்சியாக மூன்றடி கிடைத்தால் நல்லது. சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணம் போட்டுப் பார்ப்பது பழைய முறை. ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடி இருந்தால் நடை அதிகமாகாது, நெருக்கடியும் இருக்காது. ஃபிரிட்ஜ் ஹாலுக்குப் போய்விடுகிற வீடுகளில் இந்த முக்கோணம் உடையும். தினமும் சமைப்பவர் நீங்கள் என்றால் இதைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள். இருவர் சேர்ந்து சமைப்பீர்கள் என்றால் இரண்டு மேடைகளுக்கு நடுவே மூன்றரை அடியாவது வேண்டும்.

வாஷிங் மெஷினுக்குக் குழாய், தண்ணீர் வெளியேறும் வழி, பிளக் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாத்ரூமுக்குள் போக வேண்டும் என்றால், நிலையை அளக்காமல், கதவு திறந்து நிற்கும்போது மிஞ்சுகிற வழியை அளங்கள். இரண்டடி மெஷினுக்கு இரண்டடிக்கு ஒரு விரற்கடை குறைந்தாலும் போகாது.

வெளிச்சம், காற்று, சத்தம்

எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஜன்னலிலிருந்து தூரமான மூலையில் நின்று, கையில் உள்ள தாளைப் படிக்க முடிகிறதா பாருங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு எத்தனை உயரமோ அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் பகல் வெளிச்சம் உபயோகமாக உள்ளே வரும். ஏழடி உயர ஜன்னல் என்றால் 14 அடி, மிஞ்சினால் 17 அடி. எதிரே கட்டடம் நெருக்கமாக நின்றால் அதுவும் குறையும். மேஜை போட நினைக்கிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து துளி வானமும் தெரியவில்லை என்றால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும்.

காற்றுக்கு ஒரே பக்கத்தில் இரண்டு ஜன்னல் இருப்பதைவிட, எதிரெதிரே ஒவ்வொன்று இருப்பது நல்லது. ஃபேனை நிறுத்திவிட்டு, எல்லா ஜன்னலையும் திறந்து, அறைக் கதவருகே ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பிடியுங்கள். அசைகிறதா? ஜன்னல் இல்லாத அறையை எவ்வளவு அழகாக இருந்தாலும் படுக்கையறை என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். சாமான் அறை என்று எண்ணிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

தலைமாட்டுச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். லிஃப்ட், மாடிப்படி, பக்கத்து வீட்டுப் பாத்ரூம், தண்ணீர்க் குழாய் இறங்குகிற சந்து எதுவாகவும் இருக்கலாம். முடிந்தால் இரவில் ஒருமுறை போய்ப் பத்து நிமிஷம் சும்மா நின்று கேளுங்கள்.

சாமான் உள்ளே போகுமா?

வீட்டுக்குள் இடம் இருந்தாலும் வழியில் மாட்டிக்கொள்ளலாம். கட்டடத்தின் வாசல், லிஃப்ட் கதவு, படிக்கட்டுத் திருப்பம், பிளாட்டுக்குள் முதல் திருப்பம் என்று குறுகலான நான்கு இடங்களை அளங்கள். செங்கோணத் திருப்பம் ஏமாற்றும். மூன்றடி அகல நடைபாதையில் இரண்டரை அடி ஆழமுள்ள சாமானைப் படுக்கைவாக்கில் திருப்பினால், மூன்றரை அடி நீளம் வரைதான் தாண்டும். ஆறரை அடி சோபாவை நிமிர்த்தி நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கு நிலையின் உயரம் இடம் கொடுக்க வேண்டும். இது கணித மேதைகளையே யோசிக்க வைத்த விஷயம். ஒரு அலகு அகல நடைபாதையில் திரும்பக்கூடிய மிகப் பெரிய வடிவம் எது என்று 1966ல் லியோ மோசர் என்ற கணிதவியலாளர் கேட்டார். 1992ல் ஜோசஃப் கெர்வர் என்ற இன்னொரு கணிதவியலாளர் கொடுத்த வடிவத்தின் பரப்பு சுமார் 2.2195 சதுர அலகு. கழற்றி மாட்டுகிற கட்டிலும் அலமாரியும் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுக்க

வீட்டுக்கு வந்து, கண்ட குறைகளை இரண்டாகப் பிரியுங்கள். கதவு திறக்கும் திசை, இருட்டு மூலை, தூண், வாசலிலிருந்து தெரியும் பார்வை இவையெல்லாம் திரை, விளக்கு, சாமானை மாற்றிப்போடுவது என்று சரிசெய்யக்கூடியவை. ஜன்னல் இல்லாமை, பாத்ரூம் இருக்கும் இடம், குறுக்கே ஓடும் தடம், துண்டான சுவர், குழாய்ச் சத்தம் இவற்றை வாடகைக்கு இருப்பவரால் மாற்ற முடியாது.

மாற்ற முடியாத குறை ஒன்று, அதுவும் உங்கள் பத்து வரிகளில் வராத இடத்தில் இருக்கிறது என்றால் தாராளமாக எடுக்கலாம், வாடகையைக் குறைத்தும் கேட்கலாம். இரண்டு மூன்று சின்னக் குறைகள் ஒரே தடத்தில் வந்து விழுந்தால் விட்டுவிடுங்கள். காலையில் எல்லோரும் பரபரக்கிற நேரத்தில் இடிக்கிற கதவும், குறுகலான வழியும், இருட்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால், தனித்தனியாகப் பார்த்தபோது தெரியாத எரிச்சல் தினமும் வரும்.

எடுப்பது என்று முடிவானால், கதவைக் கழற்றி வைக்கலாமா, திறக்கும் திசையை மாற்றலாமா, திரைக்கம்பிக்கு ஓட்டை போடலாமா என்று கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வாசல் கதவில் கைவைக்காதீர்கள், நிறைய கட்டடங்களில் அது தீ பரவாமல் தடுக்கிற கதவு. உட்புறக் கதவுக்கு அவர் சரி என்றால், எந்தக் கதவு, காலி செய்யும்போது யார் மாட்டித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். கழற்றுவதற்கு முன் கீலோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும், சமமான தரையில் தட்டையாகப் படுக்க வையுங்கள். கீலையும் திருகாணிகளையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு, அந்தக் கதவின் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள்.